உணவகச் சமையலறையில் ஊழியர் உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவகம் நடத்துபவர்களும், சமையலறைக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களும், புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களும் ஊழியர் உணவைப் பற்றித் தொடர்ந்து கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விகளும் ஒரே அளவு கனமானவை அல்ல. நேரம், சமைக்கும் பொறுப்பு, உணவுப் பாதுகாப்பு ஆகிய மூன்றில்தான் பெரும்பாலான சமையலறைகள் தடுமாறுகின்றன என்பதால் அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஊழியர் உணவு என்பது எது? அதில் யாரெல்லாம் சேர்வார்கள்?

உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்காக அந்தச் சமையலறையிலேயே சமைத்து, வேலை நேரத்துக்கு நடுவில் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் உணவு இது. ஸ்டாஃப் மீல் என்றும் ஃபேமிலி மீல் என்றும் சொல்வார்கள். அடுப்பில் நிற்பவர்கள், காய் நறுக்குபவர்கள், மேசைக்குப் பரிமாறுபவர்கள், கல்லாவில் இருப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், தரை துடைப்பவர், அன்று ஒரு நாளைக்கு மட்டும் கூலிக்கு வந்தவர் என எல்லோரும் இதில் சேர்த்தி. ஆளுக்கொரு தள்ளுபடிச் சீட்டைக் கொடுத்து, வேண்டியதை வாங்கி உண்ணச் சொல்வது ஒரு சலுகையே தவிர ஊழியர் உணவு ஆகாது.

ஒரு வேளை உணவு போடுவதற்கு ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?

நாள் முழுவதும் உணவைக் கையாளுகிறவர்களுக்குத்தான் நேரத்துக்கு உண்ணக் கிடைப்பதில்லை. பிற்பகல் 2 மணிக்கு வேலைக்கு வரும் ஒரு சமையற்காரரை எடுத்துக்கொள்வோம். வந்ததிலிருந்து நறுக்குகிறார், வேகவைக்கிறார், வடிகட்டுகிறார், கரண்டி கரண்டியாக ருசி பார்க்கிறார். மாலை 6.30-க்கு முதல் ஆர்டர் வந்துவிட்டால் இரவு 10 மணி வரை கை ஓயாது. இடையில் அவர் உண்டது என்று சொன்னால், ரொட்டியின் வெட்டிப்போட்ட ஓரம் ஒன்று, பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிப்போட்டுக்கொண்டு குப்பைத்தொட்டிக்கு மேல் குனிந்தபடி நான்கு வாயில் விழுங்கிய ஏதோ ஒன்று. சிந்தினால் துடைக்க நேரமில்லை என்பதற்காகத்தான் தொட்டிக்கு மேல் அப்படிக் குனிகிறார். வேலை முடிந்து நள்ளிரவில் பசி மறுபடி தலைதூக்க, கிடைத்ததை அளவுக்கு மீறி உண்டுவிட்டுப் படுக்கிறார். இதே நிலை ஆண்டுக்கணக்கில் தொடரும்போது வயிறு கெடுகிறது, தூக்கம் கெடுகிறது. கூரான கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் ஈரத் தரையும் இருக்கும் இடத்தில் கவனமும் தளர்கிறது.

சேர்ந்து உண்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெருநகரின் தீயணைப்பு நிலையங்களில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றாகச் சமைத்து உண்ணும் குழுக்கள் தங்களுக்குள் கூடுதலாக ஒத்துழைக்கின்றன என்று கண்டார்கள். சேர்ந்து உண்பதால் ஒற்றுமை வருகிறதா, ஒற்றுமை இருப்பதால் சேர்ந்து உண்கிறார்களா என்பதை இப்படிப்பட்ட ஓர் ஆய்வைக் கொண்டு முடிவுசெய்துவிட முடியாது. ஆனால் தீயணைப்பு நிலையத்தைப் போலவே சமையலறையிலும், நெருக்கடியான நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்லாமலே புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையில்தான் வேலை நடக்கிறது. அந்த நம்பிக்கை வளர்வதற்கு ஆர்டர் சீட்டுகள் வராத ஓர் அரை மணி நேரமாவது வேண்டும்.

எந்த நேரத்தில் உண்பது சரி?

முன்தயாரிப்பு வேலைகள் பெரும்பாலும் முடிந்த பிறகு, வாடிக்கையாளர்களுக்குக் கதவைத் திறப்பதற்கு முன்பு. மாலை 6.30-க்குத் திறக்கும் உணவகமானால் 5 மணிக்கு உணவு மேசைக்கு வந்து, 5.30-க்கு எல்லாத் தட்டுகளும் கழுவுமிடத்துக்குப் போயிருக்க வேண்டும். எஞ்சிய ஒரு மணி நேரம் கடைசி ஏற்பாடுகளுக்கும் உடை மாற்றுவதற்கும் போதும். ஸ்பெயினில் ரோசஸ் ஊருக்கு அருகே கடற்கரையில் இயங்கி 2011-இல் மூடப்பட்ட எல் புல்லி உணவகம், விருந்தினருக்கு மிகச் சிக்கலான உணவுகளைப் படைத்ததற்காக உலகெங்கும் பேசப்பட்ட இடம். அங்கேயும் சுமார் 75 ஊழியர்கள் இரவுச் சேவைக்கு முன் அமர்ந்து, எளிமையான மூன்று வகை உணவை ஒன்றாக உண்டுவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். அவ்வளவு வேலை குவிந்து கிடந்த சமையலறையில் முடிந்தது மற்ற இடங்களில் முடியாது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

கடையை மூடிய பிறகு உண்ணலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அப்போது எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். பரிமாறுபவர்கள் முன்னதாகவே போயிருப்பார்கள், பாத்திரம் தேய்ப்பவருக்கோ வேலை அப்போதுதான் மலைபோல் குவிந்திருக்கும். தவிர, பசியோடு வேலை செய்த நேரம் அதற்குள் கடந்துபோய்விட்டது. பகலிலும் இரவிலும் இரண்டு முறை திறக்கும் உணவகங்களில், பகல் சேவை முடிந்ததும் வரும் இடைவெளியில் உண்பது நன்றாகப் பொருந்தும். இரு ஷிஃப்ட் ஆட்களும் சந்திக்கும் நேரமாக அது அமைந்துவிட்டால் இன்னும் நல்லது.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதை அன்றைய வேலைப் பட்டியலில் மற்ற வேலைகளைப் போலவே எழுதிவையுங்கள். எழுதப்படாத நேரம் முதலில் 10 நிமிடம் தள்ளிப்போகும், பிறகு அரை மணி தள்ளிப்போகும், கடைசியில் எவரும் முடிவெடுக்காமலேயே அந்த வழக்கம் மறைந்துவிடும்.

யார் சமைப்பது?

ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935) ஒழுங்குபடுத்திய பிரெஞ்சுச் சமையலறைப் படிநிலையில், குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று பொறுப்புகள் பிரிந்திருப்பதைப் போலவே, ஊழியர்களுக்குச் சமைக்க கொம்யூனார் என்ற தனிப் பொறுப்பும் உண்டு. ஜப்பானில் ஊழியர் உணவை மக்கனாய் என்பார்கள். அங்கே தொழில் பழகும் இளையவர்கள் அதைச் சமைப்பதும், மூத்தவர்கள் உண்டு பார்த்துக் குறை நிறை சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நடக்கின்றன. இரண்டு மரபுகளும் இந்த வேலைக்குப் பெயர் சொல்லி ஓர் ஆளை நிறுத்தின என்பதைக் கவனிக்க வேண்டும். யார் கை காலியாக இருக்கிறதோ அவர் ஏதாவது செய்யட்டும் என்று விட்டுவிடும் சமையலறையில், கை காலியாக இருப்பவர் எவரும் இருக்கமாட்டார்.

ஊழியர்களுக்கென்றே ஓர் ஆளை வைக்கும் வசதி இன்று மிகச் சில இடங்களுக்கே உண்டு. மற்றவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒருவர் என்று மாற்றுவதைவிட வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு வாரப் பொறுப்பு கையில் இருப்பவர், குளிர்சாதன அறையில் என்ன மிகுதியாக இருக்கிறது, எது நாளைக்குள் பயன்பட வேண்டும், நேற்று என்ன கொடுத்தோம் என்பதையெல்லாம் மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார். ஒரு நாள் மட்டும் சமைப்பவர் அன்றைய கடனைத் தீர்த்துவிட்டுப் போகப் பார்ப்பார்.

இளையவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. விருந்தினருக்கான உணவில் அவருக்குக் கிடைப்பது ஒரு துண்டு வேலை மட்டும்தான்: அவர் வெங்காயம் நறுக்குவார், வேறொருவர் வதக்குவார், மூன்றாமவர் தட்டில் வைப்பார். ஊழியர் உணவில்தான் அவர் முதன்முறையாக எதைச் சமைப்பது என்று தானே முடிவெடுக்கிறார், 20 பேருக்கு அளவு போடுகிறார், நேரத்தைக் கணக்கிடுகிறார், தானே உப்புப் பார்த்து, தானே பரிமாறி, உண்பவர்களின் முகத்தையும் நேரில் பார்க்கிறார். உண்பவர்களும் சமையல் தெரிந்தவர்கள். இந்த நிலையில் தலைமைச் சமையற்காரர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது அவசியம். “பருப்பு இன்னும் 10 நிமிடம் வெந்திருக்கலாம், புளிப்பு அளவாக இருக்கிறது” என்பதைப் போன்ற தெளிவான ஒரு வார்த்தை, பொதுவாக நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதைவிட அவருக்குப் பல மடங்கு உதவும். ஆனால் தவறு செய்தவருக்குத் தண்டனையாக இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால், உடன் வேலை செய்பவர்களுக்குச் சமைப்பது இழிவான வேலை என்று அந்தச் சமையலறை எல்லோருக்கும் அறிவித்ததாகிவிடும்.

மிச்சத்தை வைத்தே சமைத்துவிடலாமா?

மிச்சம் என்பதில் மூன்று விதம் இருக்கிறது. முதலாவது, வெட்டும்போது ஒதுங்கும் நல்ல பகுதிகள்: காய்களின் தண்டும் இலையும், இறைச்சியின் ஓரத் துண்டுகள், சாறெடுக்க உதவும் எலும்புகள். விருந்தினரின் தட்டுக்கு வடிவம் பொருந்தாததால் ஒதுங்கியவை இவை. சுவையிலும் தரத்திலும் குறைந்தவை அல்ல. இரண்டாவது, எதிர்பார்த்த கூட்டம் வராததால் மீந்த பொருள்களும், முறையாகக் குளிரவைத்து எடுத்துவைத்த சமைத்த உணவும். இவ்விரண்டையும் பயன்படுத்துவது நல்ல சமையலறையின் அடையாளம். மூன்றாவது, விருந்தினரின் மேசைக்குப் போய்த் திரும்பியது, தேதி கடந்தது, வாடை மாறியது. இவற்றை ஊழியருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியே எழக் கூடாது. ஐயம் வரும்போது ஒரே ஒரு சோதனை போதும்: இதே பொருளை இன்று விருந்தினருக்குச் சமைத்துக் கொடுக்கத் துணிவீர்களா? துணியமாட்டீர்கள் என்றால் ஊழியருக்கும் வேண்டாம்.

முழுவதும் மிகுதியை நம்பியே ஓட்டினால், மாவுப்பண்டமும் பொரித்த துண்டுகளும்தான் நாள்தோறும் வரும். நான்காவது நாளே எல்லோருக்கும் சலித்துவிடும். எனவே முட்டை, பருப்பு வகைகள், அரிசி, வெங்காயம், பச்சைக் காய்கள், பழங்கள் என்று சிலவற்றை ஊழியர் உணவுக்கென்றே கொள்முதல் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு காய் அல்லது பழம் புதிதாக இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் ஊழியர் உணவுக்கு ஏதும் தளர்வு உண்டா?

எந்தத் தளர்வும் இல்லை. ஆய்வாளர் பார்ப்பது விருந்தினர் உணவைத்தானே என்ற எண்ணம் ஆபத்தானது. விருந்தினர் ஒருவருக்குக் கொடுத்த தட்டில் கோளாறு இருந்தால் பாதிப்பு ஒரு மேசையோடு நிற்கக்கூடும். ஊழியர் பானையில் கோளாறு இருந்தால் ஒரே நாளில் முழுக் குழுவும் படுக்கும், அதற்கு முன் அவர்களுடைய கைகள் வழியே நோய் எல்லா மேசைகளுக்கும் போய்ச் சேரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, சமைக்கும் உணவின் உட்பகுதி 70 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். சூடாக வைத்திருக்கும் உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். சமைத்த உணவு அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் ஊழியர் உணவில் அதிகம் மீறப்படுகிறது. 5 மணிக்கு இறக்கிய பானை, தாமதமாக வருபவர்களுக்காக மேசையிலேயே இருந்து, 9 மணிக்கு ஒருவர் வந்து அதிலிருந்து எடுத்து உண்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தாமதமாக வருபவரின் பங்கை உணவு இறக்கிய உடனேயே தனியாக எடுத்து, ஒன்று சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது குளிரவைத்து, வந்ததும் நன்றாகச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும்.

மீந்ததைக் குளிரவைப்பதில்தான் உண்மையான சிக்கல். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு சொல்வது இது: சமைத்த உணவு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு வர மேலும் 4 மணி நேரம் அவகாசம் உண்டு, மறுபடி சூடாக்கும்போது 74 டிகிரியை எட்ட வேண்டும். ஆழமான பானையை அப்படியே குளிர்சாதன அறைக்குள் தள்ளினால் வெளிப்புறம் குளிர்ந்துவிடும், நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். இறைச்சிக் குழம்புகளில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற நுண்ணுயிரி பெருகுவதற்கு அந்த வெதுவெதுப்புதான் வேண்டும். எனவே 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேற்படாமல் அகலத் தட்டுகளில் பரப்பியும், பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கிளறியும் ஆறவைக்க வேண்டும்.

சோற்றுக்குத் தனிக் கவனம் தேவை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு அறை வெப்பத்தில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன, வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சை மறுபடி சூடாக்கினாலும் அழிக்க முடியாது. “நன்றாகச் சூடாக்கித்தானே கொடுத்தோம்” என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமைக்கவோ பரிமாறவோ கூடாது. சம்பளம் போய்விடும் என்ற அச்சத்தில் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மறைக்காமல் இருக்க வேண்டுமானால் அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டு என்பதை முதலாளி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

நின்றுகொண்டே உண்டால் என்ன?

அடுப்புக்கும் நறுக்கும் பலகைக்கும் நடுவில் நின்று உண்பது சுகாதாரக் குறைபாடு. பல நாடுகளின் விதிகள் உணவு தயாரிக்கும் இடத்தில் உண்பதைத் தடுக்கின்றன. அதைவிட முக்கியமாக, நிற்பவரிடம் யாராவது ஒரு வேலையைச் சொல்லிவிடுவார்கள், உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லத் தயங்குவார்கள். உணவுக்கென்று ஒதுக்கிய நேரத்தை உண்மையில் காப்பாற்றுவது அந்த நாற்காலிதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர ஆணை, 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைநாளில் இடைவேளை கட்டாயம் என்கிறது. பிரிட்டனில் அப்படிப்பட்ட வேலைநாளுக்கு 20 நிமிடம் என்று வரையறுத்திருக்கிறார்கள். சட்டம் சொல்லும் இந்த அளவு அடிமட்ட எல்லைதான். வரிசையில் நின்று தட்டில் வாங்கவும் கை கழுவவுமே 10 நிமிடம் போய்விடுவதால், 30 நிமிடத்துக்குக் குறைந்தால் நிதானமாக உண்ண முடியாது.

முதலாளியும் தலைமைச் சமையற்காரரும் இதையே உண்ண வேண்டுமா?

ஆம். அதே பானையிலிருந்து, அதே மேசையில். பொறுப்பில் இருப்பவர்கள் தனக்கென்று வேறு தட்டு வரவழைத்துக்கொள்ளும் இடத்தில் ஊழியர் உணவின் தரம் சீக்கிரம் சரியும். அவர்களுடைய நாக்கில் படாத குறையைத் திருத்துவதற்கு யாரும் முனைவதில்லை. பரிமாறும் ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். பாத்திரம் தேய்ப்பவர் தன் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கடைசியாக வந்து நிற்கும்போது, பெரும்பாலும் பானையின் அடியில் கரண்டி உரசும் ஓசைதான் மிஞ்சியிருக்கும். துண்டுகளெல்லாம் போய், வெறும் சாறு மட்டும் அவருக்குக் கிடைக்கும். அவரை முதலில் வரச்சொல்லிப் பழக்குங்கள், அல்லது மூத்தவர்கள் கடைசியாகத் தட்டெடுங்கள். மற்ற எந்த ஏற்பாட்டையும்விட இதை ஊழியர்கள் உடனே கவனிப்பார்கள்.

உணவுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95), ஊதியத்தின் ஒரு பகுதியைப் பொருளாகக் கொடுக்க அனுமதிக்கும் இடங்களில், அது தொழிலாளருக்குப் பயன்படக்கூடியதாகவும் அதற்குப் போடும் மதிப்பு நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி, உணவுக்கு ஆன நியாயமான அடக்கச் செலவைக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட நிபந்தனைகளோடு இடமுண்டு, அதில் லாபம் சேர்க்கக் கூடாது. பிரிட்டனில் உணவின் மதிப்பைக் குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்த்துக் கணக்கிட முடியாது.

சட்டம் இடம் கொடுத்தாலும் பிடித்தம் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. பணம் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது விற்பனைப் பொருளாகிவிடுகிறது. வேண்டாம் என்பவர் ஒதுங்குவார், கொடுத்தவர் குறை சொல்லும் உரிமையோடு உட்காருவார், சேர்ந்து உண்பது போய்விடும். பிடித்தே ஆக வேண்டிய நிலை இருந்தால், தொகையையும் விலகிக்கொள்ளும் உரிமையையும் வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அளவையும் செலவையும் எப்படிக் கணக்கிடுவது?

தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால் அந்த மாதம் பயன்பட்ட பொருளின் மதிப்பு கிடைக்கும். அதிலிருந்து ஊழியர் உணவுக்குப் போனதைத் தனியாகக் கழித்தால்தான் விற்ற உணவின் உண்மையான அடக்கம் தெரியும். இப்படிப் பிரிக்காத உணவகங்களில் உணவுச் செலவு விகிதம் உயர்ந்து காட்டும். காரணம் புரியாமல் விருந்தினரின் தட்டில் அளவைக் குறைப்பார்கள், அல்லது ஊழியர் உணவையே நிறுத்துவார்கள். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எத்தனை பேர் உண்டார்கள், கிடங்கிலிருந்து எதை எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மீந்தது என்று மூன்று வரி எழுதினாலே போதும்.

அளவைப் பொறுத்தவரை, நின்று உழைக்கும் ஆட்களுக்கான உணவு என்பதால் விருந்தினரின் தட்டளவை வைத்துக் கணக்குப் போட முடியாது. அரிசி வெந்தபின் எடையில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்காகும் என்பதை நினைவில் கொண்டு தொடங்கி, குறிப்பேட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகலாம். 6 பேருக்கான அளவை 20 பேருக்குப் பெருக்கும்போது காயும் பருப்பும் கணக்குப்படி பெருகும். நீரும் உப்பும் காரமும் அப்படிப் பெருகுவதில்லை. பெரிய பாத்திரத்தில் அளவை ஒட்டிப் பார்த்தால் ஆவியாகும் நீர் குறைவு என்பதே இதற்கு முதன்மையான காரணம். எல் புல்லியின் ஊழியர் உணவு முறைகள் 2011-இல் நூலாக வந்தபோது, ஒவ்வோர் உணவுக்கும் 2, 6, 20, 75 பேருக்கு என்று நான்கு அளவுகளைத் தனித்தனியே அச்சிட்டிருந்தார்கள். உங்கள் சமையலறைக்கும் உங்கள் ஆள் எண்ணிக்கைக்கேற்ற ஓர் அளவுப் பட்டியல் இருந்தால் இளையவர்கள் தடுமாறமாட்டார்கள்.

சைவம், ஒவ்வாமை, நோன்பு ஆகியவற்றை எப்படிச் சமாளிப்பது?

அடிப்படை உணவைச் சைவமாகச் சமைத்து, இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைத் தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியோடு வைப்பதே எல்லாவற்றிலும் எளிய வழி. அப்போது யாருக்காகவும் தனியாகச் சமைக்க வேண்டியதில்லை, யாரும் தன் வழக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுமில்லை. நோன்பிருப்பவரின் பங்கை எடுத்துவைத்து, அவர் நோன்பு திறக்கும் நேரத்தில் 15 நிமிடம் அவருடைய இடத்தில் வேறொருவரை நிறுத்த வேண்டும். தட்டை மட்டும் எடுத்துவைத்துவிட்டு ஆளை விடுவிக்காமல் இருந்தால் பயனில்லை.

ஒவ்வாமை உயிர் சம்பந்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 14 ஒவ்வாமைப் பொருள்களை அறிவித்தே தீர வேண்டும் என்கிறது. அமெரிக்கப் பட்டியலில் 2023 முதல் எள்ளும் சேர்ந்து 9 இருக்கின்றன. விருந்தினருக்காகச் செய்யும் இந்த அறிவிப்பை ஊழியர் பானைக்கும் செய்யுங்கள். பல இடங்களிலிருந்து சேர்ந்த மிகுதிகளைக் கொண்டு சமைப்பதால் அதில் என்ன இருக்கிறது என்பது சமைத்தவருக்கு மட்டுமே தெரியும். பானைக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்கள் உணவகம் மிகச் சிறியது, உட்கார இடமே இல்லையே?

கதவு திறப்பதற்கு முன் விருந்தினர் மேசைகள் காலியாகத்தானே இருக்கின்றன, அங்கேயே உட்காரலாம். இடைவெளி இல்லாமல் நாள் முழுவதும் இயங்கும் கடையானால் இரண்டு பந்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தியில் சமையலறை ஆட்கள் மட்டும், மறுபந்தியில் பரிமாறுபவர்கள் மட்டும் என்று பிரிக்காமல் கலந்து பிரித்தால், அவ்விரு தரப்புக்கும் இடையே வழக்கமாக இருக்கும் உரசல் குறையும்.

உண்ணும்போதே அன்றைய கூட்டத்தையும் நடத்திவிடலாமா?

வேண்டாம். புதிய உணவுகள், தீர்ந்துபோன பொருள்கள், முன்பதிவுகள் ஆகியவற்றைச் சொல்லத் தட்டுகளை எடுத்த பிறகு 10 நிமிடம் போதும். விருந்தினர் பட்டியலில் புதிதாகச் சேரும் உணவைப் பரிமாறுபவர்கள் ருசி பார்ப்பதையும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். வாய் நிறைய உணவோடு நேற்றைய தவறுக்கு விளக்கம் சொல்ல வைப்பது யாருக்கும் உடம்பில் ஒட்டாது.

இந்த வழக்கம் எங்களிடம் நின்றுபோய்விட்டது. எப்படி மீண்டும் தொடங்குவது?

முதலில் ஏன் நின்றது என்று கேளுங்கள், ஊழியர்களையே கேளுங்கள். அவர்கள் உணவைக் கையோடு கொண்டுவருகிறார்கள் அல்லது வெளியில் வாங்கி உண்கிறார்கள் என்றால், அதன் பின்னால் பெரும்பாலும் சலிப்போ, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததோ, உட்கார நேரம் கிடைக்காததோ இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. பிறகு, ஒரே அடியாக வாரம் முழுவதும் தொடங்காமல், கூட்டம் குறைவாக இருக்கும் இரண்டு நாள்களைத் தேர்ந்தெடுத்து, நேரத்தை வேலைப் பட்டியலில் எழுதி, முதல் இரண்டு வாரமும் தலைமைச் சமையற்காரரே சமைக்கட்டும். உணவு எளிமையாக இருந்தால் போதும், சூடாக இருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து முறை வைத்து மற்றவர்களிடம் பொறுப்பை மாற்றலாம். ஒரு மாதம் ஆனதும் குறிப்பேட்டைத் திறந்து, உண்டவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, மீந்தது குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாவது நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.